தட்டினால் வரும் மாமியார்

படகுத்துறையில் அவருக்கு ஆந்தை என்றுதான் பெயர். மரத்தோடு மரமாக ஒட்டிக் கிடக்கும் பாம்பைக்கூடச் சட்டென்று காட்டிவிடுவார். காலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு உப்பங்கழிக்குள் போனால், பொழுது சாயத்தான் திரும்புவார். அதிகம் பேசமாட்டார். அவர் கைவசம் இருந்தது ஒரே ஒரு வேடிக்கை.

கழி வளையும் இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, துடுப்பால் படகின் விளிம்பை டொக் டொக்கென்று தட்டுவார். சேற்றுக்கரையிலிருந்து ஒரு கிழட்டு முதலை நழுவிப் படகை நோக்கி வரும்.

"எங்க மாமியார். கூப்பிட்டா உடனே வந்துடுவாங்க. கையை மட்டும் நீட்டாதீங்க, மருமகனையே இன்னும் நம்பல."

படகே சிரிக்கும். அவர் ஒரு மீன்தலையை வீசுவார். முதலையைக் காட்டாமல் திரும்பமாட்டோம் என்று முதலாளி பலகையே எழுதி மாட்டிவிட்டார்.

அவர் மனைவி அதே கழியில் மட்டிச் சிப்பி பொறுக்குகிறவள். தண்ணீர் வற்றும் நேரத்தில் மற்றப் பெண்களோடு இடுப்பளவு இறங்கி நிற்பாள். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"இன்னைக்கு உங்க மாமியார் எங்க பக்கம் வந்தாங்க."

"எதுக்கு?"

"கூடையில இருந்த சேறு போகட்டும்னு தோணியில தட்டினேன். பக்கத்துலயே தலையைத் தூக்கிட்டாங்க. பெத்த தாய்க்குக்கூட அவ்வளவு பாசம் இல்ல, போங்க!"

அவள் சிரித்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். கூடையைத் தட்டாமல் எந்தப் பெண் கரையேறுவாள்? தட்டினால் தீனி என்று பழக்கியது அவர் கைதான்.

"நாளையிலிருந்து நீ இறங்காதே."

"நான் இறங்கலேன்னா? மத்தவங்களுக்கு வயிறு இல்லையா?"

தீனியை நிறுத்தினால் மட்டும் போதாது, பசியோடு தேடி வரும் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் அதே இடத்தில் தட்டினார். முதலை வந்தது. வழக்கம்போல வாயைத் திறந்து காத்திருந்தது. அந்த வாயின் மேலேயே துடுப்பை ஓங்கி இறக்கினார்.

படகில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "யோவ், உனக்கு ஈவிரக்கமே கிடையாதா?" என்று ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். ஆந்தை எஞ்சினைக் கிளப்பினார். திரும்பி வரும்போது எந்தப் பறவையையும் காட்டவில்லை.

மாலையில் முதலாளி பிடித்துக்கொண்டார். "அதை அடிச்சு விரட்டவா உன்னை வெச்சிருக்கேன்? நாளைக்கு ஒழுங்காத் தட்டு, மீனைப் போடு."

"அங்க பொம்பளைங்க இறங்கறாங்க, முதலாளி."

"இறங்கினா அது அவங்க பாடு."

படகுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதன்பிறகு மனைவியின் தோணியில்தான் போனார். பெண்கள் இறங்குவதற்கு முன்னால் தட்டுவார். அது வரும். அடிப்பார். வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசமாட்டார். அவளும் மாமியார் பேச்சை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் தட்டியபோது, கரையில் கிடந்த முதலை தலையைத் தூக்கிப் பார்த்தது. மெல்லத் தண்ணீருக்குள் இறங்கி, எதிர்த்திசையில் காட்டுப் பக்கமாகப் போனது.

"போயிடுச்சா?" என்றாள் மனைவி.

"போயிடுச்சு. இறங்குங்க."

பெண்கள் இறங்கினார்கள். வேலை முடிந்து கூடைகளைத் தட்டித் தட்டிக் கழுவினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிப் பெண் கரையேறும்வரை துடுப்பைக் கீழே வைக்கவில்லை.