பில்டரில் விழுந்த பிறை

1. தூசியை ஊதித் தள்ளும் ரப்பர் ஊதுபந்தை எடுக்க நான் ஜீப்புக்குப் போனேன்.
2. திரும்புவதற்குள் எங்கள் சீனியர் சார் என் கேமரா லென்ஸின் முன் மாட்டும் பில்டர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டார்.
3. அதில் பிறை வடிவில் ஒரு கீறல் விழுந்தது.
4. "பளிச்சுனு ஆயிடுச்சு பாரும்மா" என்று என்னிடம் நீட்டினார்.

எத்தனை முறை நினைத்தாலும் இரண்டாவது வரியில் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நாங்கள் இருவரும் அப்போது நிலவியலாளர்கள்; நான் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். அன்று நீர் கசிந்து நனைந்திருந்த சுரங்கச் சுவரில், வண்டிச் சக்கர அளவில் நத்தைபோல் சுருண்ட கடலுயிரி ஒன்றின் புதைபடிவம் தெரிந்தது. மதியம் அங்கே வெடி வைக்கிறார்கள். பெயர்த்தெடுக்க நேரமில்லை, படம் மட்டுமே மிஞ்சும். ஈரப் பாறையின் பளபளப்பை அடக்க அந்த பில்டர் வேண்டும்.

அது பழையது, மேல்பூச்சு மெல்லியது. முதலில் தூசியை ஊத வேண்டும். பிறகு மென்மையான தூரிகை. கடைசியில்தான் துணி, துடைக்கும் திரவத்தைக் கண்ணாடியில் விடாமல் துணியில் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். சாரிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"சார், கீறிடுச்சுங்க."

"சுண்ணாம்புக்கல்லு கண்ணாடிய விட மெதுவும்மா. அதோட தூசி எப்படிக் கீறும்? நீயும் படிச்சதுதானே?"

"அதுல மணலும் இருக்குங்க சார்."

"துடைக்கவே நாலு ஸ்டெப்பு போடுற. கல்யாணத்துக்கு எத்தனை ஸ்டெப்பு போடுவியோ."

அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் கூடுதல் எரிச்சல். சுண்ணாம்புக்கல் கண்ணாடியைக் கீறாது. அதில் கலந்திருக்கும் மணல் கீறும். வேலைக்காலம் முழுவதும் அந்தப் பாறையையே பார்த்தவருக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

பில்டரோடு எடுத்த படத்தில் கீறலில் பட்ட வெயில், புதைபடிவச் சுருளின் நடுப்பகுதியை வெள்ளையாக மறைத்தது. பில்டர் இல்லாமல் எடுத்ததில் பாறையின் பளபளப்பு மட்டுமே இருந்தது. வெடிக்குப் பிறகு அந்தக் கல்லே இல்லை. சார் இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதன்பின் ஓய்வு பெறும்வரை, நான் கேமராப் பையைத் திறந்தாலே இரு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்.

போன வாரம் போனில் கேட்டார்: "அந்தக் கண்ணாடிய இன்னும் தூக்கிப் போடலியாம்மா?"

"இல்லைங்க சார்."

நேற்றும் அதை ஊதி, தூரிகையால் தட்டி, துணியால் துடைத்து வைத்தேன். பில்டர் சுத்தமாக இருக்கிறது. கீறல் அப்படியே இருக்கிறது.