சாய்கோணம் பூஜ்யம்

1983 ஜூலை 12, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தருவி வரை நடந்துவிட்டு வந்தேன். கல்லூரிக்கு விடுப்பு. ஒன்பது மணி முதல் என் ஆய்வேட்டின் தட்டச்சுப் பக்கங்களைக் கடைசி முறையாகச் சரிபார்த்தேன். என் வழிகாட்டி அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவர் கையெழுத்து விழாவிட்டால் வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுநாள் தென்காசிக்குப் போய் அவருக்குத் தபாலில் சேர்ப்பதாக இருந்தேன்.

நியூட்ரான் நட்சத்திரத்தின் ஒரு விளிம்பைத் தென்காசியில் வைத்தால் மறுவிளிம்பு செங்கோட்டையைத் தாண்டி மலைக்குள் போகும். எடையோ சூரியனைவிட அதிகம். அதன் காந்தம் அதையே நசுக்கி உருக்குலைக்கும். அப்படிச் சுழலும்போது வெளியையே அசைக்கும் ஈர்ப்பலை எவ்வளவு எழும் என்பதே என் ஆறு வருடக் கணக்கு.

மதியம் சாரல் மூடிக்கொண்டது. அந்தப் பருவத்தில் துணி உலராது. கூடத்து ஃபேன் கம்பியிலிருந்து என் அறைவரை கயிறு கட்டியிருந்தோம். ஃபேன் காற்று என் அறைக்கு எட்டாது, சன்னலும் சாத்தியிருந்தது. ஆனாலும் ஈர வேட்டிகள் ஆட்கள் வரிசையாக நிற்பதுபோல் நின்று, ஒரே நேரத்தில் வெடுக்வெடுக்கென்று அசைந்தன.

மனைவி எட்டிப் பார்த்தாள். “என்ன, பேயக் கண்ட மாதிரி உக்காந்திருக்கிய? நேத்து ஒட்டடை அடிக்கையில கம்பு பட்டு ஒரு இறக்கை வளைஞ்சுட்டு. ஃபேன் ஆடுது, அதான் கயிறும் ஆடுது.”

ஃபேனை நிறுத்தி, ஸ்டூலில் ஏறி இறக்கையை நிமிர்த்திவிட்டு மறுபடி போட்டேன். ஃபேன் அதே வேகத்தில் சுழன்றது. அறையில் ஒரு நூல்கூட அசையவில்லை.

மேசைக்குப் போய்த் தட்டச்சுப் பக்கங்களைப் புரட்டினேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், எளிமைக்காக, காந்த அச்சைச் சுழல் அச்சின் மேலேயே வைத்திருந்தேன். சாய்கோணம் பூஜ்யம். அப்படியானால் அந்த நட்சத்திரம் நசுங்கியிருந்தாலும் சுற்றிலும் ஒரே மாதிரி நசுங்கியிருக்கும். எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அலை எழாது. எனக்கோ விடையாக ஓர் எண் வந்திருந்தது. துருவம் தட்டையானதை, வளைந்த இறக்கைபோல் ஒரு பக்கம் மட்டும் புடைத்ததாக எண்ணியிருக்கிறேன். அப்படியொரு நட்சத்திரம் இப்போதும் கூரைக்கு நேர் மேலே, அத்தனை எடையோடு, சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

மனைவியிடம் சொன்னேன்.

“உங்க சார் படிச்சாருல்லா?”

“படிச்சாரு. கண்ணுல படல.”

“அப்ப யாருக்குமே தெரியாது.”

“எனக்குத் தெரியும்லா.”

அவள் மேசையிலிருந்த பக்கங்களை அடுக்கி வைத்தாள். பிறகு, “ஆறு வருசம்” என்றாள்.

புதன்கிழமை காலை முதல் வேலையாகத் தென்காசிக்கு பஸ் ஏறி, வழிகாட்டிக்குத் தந்தி கொடுத்தேன்: பக்கம் நாற்பத்தொன்று தவறு. கையெழுத்து வேண்டாம்.