லாரி ஏறிய காலர் மெஷின்

வெள்ளிக்கிழமை காலையானால் இங்கே தையல் மெஷின்களுக்குப் பொட்டு வைப்பார்கள். அம்பத்தூரில் நாங்கள் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் வைப்போம். புத்தூர் ரோட்டில் இருக்கும் இந்தச் சட்டைக் கம்பெனியிலோ வாராவாரம். இத்தனை வருஷமாகியும் அது எனக்குப் பழகவில்லை. காரணம் வேறொன்றும் இல்லை, பொறாமை. காலர் மெஷினுக்குப் பொட்டு வைப்பவள் பாக்கியம். அந்த மெஷினோ என்னுடையது. கம்பெனிச் சொத்து உன்னுடையது எப்படி ஆகும் என்று ஊரிலிருக்கும் நீங்கள் கேட்கலாம். அம்பத்தூரில் அதில் தைத்துத்தான் என் தங்கைக்குக் கல்யாணம் செய்தேன். அதன் தலையில் முதல் பொட்டு நான் வைத்தது. பாக்கியம் அதைத் துடைக்காமல் அதன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மெஷினும் நானும் ஒரே வாரத்தில்தான் ஆந்திரா வந்தோம். அம்பத்தூரில் எங்கள் சம்பளம் வருஷாவருஷம் கொஞ்சம் ஏறியது. சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரன் மட்டும் விலையை ஏற்றித் தரமாட்டான். "உங்க கூலி கட்டுப்படியாகல" என்று சொல்லி முதலாளி மெஷின்களோடு லைனையே இங்கே மாற்றினார். இங்குள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். அங்கே கட்டுப்படியாகாத நான் இங்கே சூப்பர்வைசர்! என் மெஷினில் பக்கத்து ஊரான நகரியிலிருந்து வரும் பாக்கியம் உட்கார்ந்தாள். என் வயதுதான். சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறித் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். நான் ஹாஸ்டலுக்குப் போய் ஆறிப்போன சாம்பாரைப் பார்ப்பேன். வயிறு எரியாதா?

போன மாதம் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, "இக்கட ஜீதாலு பெரிகாயி" என்றார். இங்கேயும் சம்பளம் ஏறிவிட்டதாம். லைன் ஒடிசாவுக்குப் போகிறதாம். அதே பேச்சு, பாஷைதான் வேறு. சொல்லிக்கொடுக்க ஒருத்தி கூடப் போகவேண்டும் என்றதுமே மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டேன். மெஷின் போகும் இடத்துக்கு நான்தானே போகவேண்டும்? பாக்கியத்தின் பெயரைச் சொன்னார்கள். என்னைவிட அவள் சம்பளம் குறைவு.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, துன்னாம உக்காந்துகினு கீற? நான் போறேன்னு அழுவுறியா?"

"அழல. எனக்கு உன்மேல பொறாமை" என்றேன். சொல்லிவிட்டேன், பட்டென்று.

அவள் சிரித்தாள். "கிண்டல் பண்ணாதக்கா. ஊர உட்டுப் போறவள பாத்து யாருனா பொறாமப்படுவாங்களா? நீ இனிமே உன் ஊட்டுக்குப் போலாம். எனக்குத்தான் உன்ன பாத்தா பொறாமையா கீது."

எந்த வீட்டுக்கு? அம்பத்தூர் கம்பெனி இப்போது சோப்பு டப்பாக்கள் அடுக்கும் குடோன். தங்கை வீட்டில் நான் விருந்தாளி. பாக்கியத்தின் மோரை வாங்கிக் குடித்தேன்.

நேற்றுக் காலை மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள். காலர் மெஷின் தன் முறைக்காக வாசலில் நின்றது. பாக்கியம் கடைசியாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பை எடுக்க உள்ளே போனாள். எனக்குத் தாங்கவில்லை. கட்டைவிரலை நனைத்து அவள் பொட்டை அழுத்தித் துடைத்தேன். அடியில் என்னுடையது இருக்கும், அதோடு போகட்டும் என்று நினைத்தேன். ரெண்டும் ஒன்றாய்ப் பெயர்ந்து வந்துவிட்டன. விரலில் ஒட்டிய சிவப்பில் எது அம்பத்தூர், எது நகரி என்று தெரியவில்லை. மெஷின் வெறும் தலையோடு லாரி ஏறியது.