கேட்காமல் போன விசில்

கண்ணிவெடி அகற்றும் வேலையில் அவளுக்கு இது பதினோராவது வருடம். ஒரு மீட்டர் நிலத்துக்கே அரை நாள் எடுத்துக்கொள்வாள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளை ஆமையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

அவளுடைய பழைய மெட்டல் டிடெக்டர் அடித்தொண்டையில் உறுமும். ஆணிக்கு எப்படி உறுமும், வெடிக்கு எப்படி உறுமும் என்பதெல்லாம் அத்துப்படி. அந்த வாரம் கைக்கு வந்த புதியது உறுமவில்லை, மெல்லிசாக விசிலடித்தது. பயிற்சியின்போது மேலாகப் புதைத்து வைத்த இரும்புத் துண்டுகளுக்கு விசில் பலமாக வந்ததால், எல்லாவற்றையும் சரியாகவே கண்டுபிடித்தாள். வியாழக்கிழமை நிஜக் களத்தில் இறங்கி, சாயங்காலத்துக்குள் இரண்டு மீட்டர் முடித்தாள்.

கிளம்பும்முன், கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஆழத்தில் புதைத்திருந்த சோதனைத் துண்டின் மேல் கருவியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

“பேட்டரி போயிடுச்சு போல” என்றாள்.

பக்கத்துத் தடத்தில் வேலை பார்க்கும் சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். “என்னக்கா சொல்றீங்க? கேட்டுக்கிட்டே இருக்குதே!”

“ஆமா ஆமா” என்று சமாளித்தாள். கருவியை அணைத்துப் பெட்டியில் வைத்தாள்.

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். அவர் லாரி ஓட்டுகிறவர். செல்போனில் ஏதோ கீச்சென்ற ஒலியை வைத்து, “இது கேக்குதா?” என்றார்.

“எது?”

அவர் செல்போனை அணைத்தார். “வேலை போயிடும்னு பயமா இருக்கா?”

“வேலை போனா போகட்டுங்க. இன்னிக்கு ரெண்டு மீட்டர் பார்த்திருக்கேன். அங்க வெள்ளைக் குச்சி நட்டு, சுத்தம்னு எழுதிட்டாங்க.”

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை யாரும் களத்தில் கால் வைப்பதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். “சார், இந்தச் சத்தம் எனக்குக் கேக்கல. நேத்து நான் பார்த்த இடத்தை மறுபடியும் பார்க்கணும்.”

“நேத்தே ஏம்மா சொல்லல?”

“தைரியம் வரல சார்.”

சின்னவள்தான் உள்ளே போனாள். எல்லைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆமையக்கா உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? முதல் மீட்டரில் ஒன்றுமில்லை. இரண்டாவது மீட்டரின் ஓரத்தில் சின்னவளின் கை மெல்ல மேலே உயர்ந்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

நேற்று அவள் முழங்கால் ஊன்றியிருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஆழத்தில் ஒரு வெடி இருந்தது. மதியம் அதை அங்கேயே வெடிக்கவைத்து அழித்தார்கள். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

ஒரு நாள் மறைத்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. வயதாக ஆகக் கீச்சொலிதான் முதலில் காதைவிட்டுப் போகும் என்றார் காது டாக்டர். கருவியின் கீச்சொலியைக் கனத்த ஒலியாக மாற்ற அதற்குள்ளேயே வழி இருந்தது. பயிற்சியாளர் அதைச் சொல்லித்தரவே இல்லை. மாற்றியமைத்த பிறகு, அவள் பார்க்காதபோது புதைத்த இருபது துண்டுகளையும் தேடி எடுத்தாள். வெடி கிடைத்த பன்னிரண்டாம் நாள் திரும்பவும் களத்தில் இறங்கினாள்.

பயம் மட்டும் விட்டபாடில்லை. தினமும் காலையில் சோதனைத் துண்டின் மேல் கருவியைப் பிடித்துக்கொண்டு, “நீயும் ஒரு தடவை கேளுடி” என்கிறாள். சின்னவள் கேட்டுவிட்டுத் தலையசைத்த பிறகுதான் முகக்கவசத்தை இறக்குகிறாள்.