நீல மீனோடு யாரைச் சேர்ப்பது?

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலைந்து தங்கமீன்களும் இருந்தன. கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் ஒரே சாடையில இருக்கு. எங்க கடல் மீன நீங்க பாக்கணும்," என்றாள். அவள் தூத்துக்குடிக்காரி.

அந்த வருஷம் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது, வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற அவள் தம்பி எங்களைக் கரைக்கு அழைத்துப் போனான். தீவுகளுக்குப் பக்கத்தில் விரித்த வலையில் விலைபோகாத சின்ன மீன்கள் சிக்கிக் கிடந்தன. கட்டைவிரல் அளவில் பளீரென்ற நீலம் ஒன்று. கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டையும் மஞ்சள் வாலுமாக இரண்டு. அப்படியே மணலில் கொட்டிவிட்டுப் போவார்களாம். அவள் ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு அவற்றை எடுத்துப் போட்டாள். செவுள் படபடவென்று அடித்தது. உயிர் இருந்தது.

"இதுகள நம்ம தொட்டியில வளக்க முடியாதாங்க?"

"நம்ம ஊர்ல கடத்தண்ணிக்கு எங்க போக?"

"அதான் இங்க கெடக்கே. கேன்ல மொண்டுட்டுப் போவோம்."

"அத்தான், அக்கா சொல்லிட்டா முடிஞ்சுது," என்று தம்பி சிரித்தான்.

மீன்களைக் கடலில் விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் கேன்களில் நிரப்பிக்கொண்டோம். கோவில்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் தடுத்தார். "மண்ணெண்ணெயா? ஏத்தக் கூடாது." மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தவருக்குப் புரியவில்லை. கடல் தண்ணீர் என்று சொன்னேன். "ஏன், உங்க ஊர்ல உப்பு கெடைக்கலயா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. என் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

ராஜபாளையத்தில் நாய்களுக்கு வேண்டிய சாமான்களோடு மீன் தொட்டியும் விற்கிற கடை ஒன்று இருந்தது. பெரிய தொட்டியும் மோட்டாரும் அங்கேதான் வாங்கினோம். கடைக்காரர் கடல் மீன் வளர்த்தவர் இல்லை. மெட்ராஸில் யாரோ வளர்த்ததைப் பார்த்திருக்கிறார். "தண்ணியையும் கல்லையும் போட்டு ஒரு மாசம் சும்மா ஓட விடுங்க. அதுக்கு முன்னால மீனு விட்டா பூராவும் செத்துரும்," என்று மட்டும் சொன்னார்.

கல்லைத் தம்பி அனுப்பி வைத்தான். ஈரச் சாக்கில் சுற்றி, தெரிந்த லாரியில் வந்த பவளக் கற்கள். மீனே இல்லாத தொட்டியைப் பார்த்துவிட்டு, போட்டோவுக்கு வருகிறவர்கள் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். ஒரு நாள் அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, கல்லு அசையுது பாருங்க." கல்லின் பொந்திலிருந்து சின்ன இறகு மாதிரி ஒன்று விரிந்தது. விரலைக் கண்ணாடியில் வைத்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டது. அன்று முழுவதும் நாங்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறிவிடும். அதை அளக்க வழி தெரியவில்லை. பக்கத்துப் பால்கோவாக் கடையில் பாலைச் சோதிக்கிற லாக்டோமீட்டரை அவள் கேட்டு வாங்கி வந்தாள். புதுக் கடல் தண்ணீரில் அது எதுவரை மூழ்கி நின்றதோ, அங்கே நகப்பாலீஷால் ஒரு கோடு போட்டாள். கோடு தண்ணீருக்கு மேலே தூக்கினால் உப்பு கூடிவிட்டது, நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். பதிலுக்குத் தங்கமீன்களை அந்தக் கடைக்கே கொடுத்துவிட்டோம்.

மாதம் முடிந்ததும் தம்பி மீன்களோடு வந்தான். பச்சையாக மினுங்கும் பொடி மீன்கள் கொஞ்சம். அவற்றோடு, உடம்பெல்லாம் கோடுகளும் விசிறி விசிறியாக இறகுகளுமாக, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத ஒரு மீன். "முள்ளுல வெசம் அத்தான். கைய வச்சிராதீங்க," என்றான். அது யாரையும் துரத்தவில்லை. ஓர் ஓரமாக அசையாமல் மிதந்தது. நல்ல குணம் என்று நினைத்தோம்.

பொடி மீன்கள் குறைய ஆரம்பித்தன. துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று பெஞ்சுக்கு அடியில் தேடினோம். பூனையைச் சந்தேகப்பட்டு மேலே வலை போட்டோம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் கண்டுபிடித்தார். "போட்டோக்காரரே, இங்க வாங்க! அந்த இறகு மீனு பக்கத்துல நின்னத முழுங்கிட்டு!"

என் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. "அழகப் பாத்தோமே தவிர, வாயப் பாக்கலையே," என்றாள். மறுவாரம் தம்பி அந்த மீனை வாளியோடு கடலுக்கே கொண்டுபோனான். மிஞ்சியிருந்த ஒன்றிரண்டு பச்சை மீன்களும் வேறொரு வாளியில் போயின.

இந்தத் தடவை லேசில் சாகாத கெட்டியான மீன் எது என்று தம்பியிடம் கேட்டு, அன்று கரையில் பார்த்தது மாதிரி ஒரு நீல மீனை முதலில் விட்டோம். தனியாக ஜம்மென்று வளர்ந்தது. அதைவிடப் பெரிய வாய் வேண்டாம், அதன் வாய்க்குள் நுழைகிற அளவும் வேண்டாம் என்று யோசித்து, மஞ்சள் வால் ஜோடி ஒன்றைக் கேட்டு வாங்கினோம். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நீலம் அவற்றை ஓட ஓட விரட்டியது. துடுப்பு கிழிந்து, இரண்டும் மோட்டார் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தன. தீனி தொடவில்லை.

"நீலத்தத் திருப்பி அனுப்பிருவோம்," என்றேன்.

"செத்த பொறுங்க," என்றாள். முன்னறையில் உட்கார்ந்து போட்டோக்களின் ஓரம் வெட்டுவது அவள் வேலை. வெட்டிக்கொண்டே நாலு நாள் கவனித்துவிட்டுச் சொன்னாள்: "அது எல்லா எடத்துலயும் வெரட்டல. அந்த ஓட்டக் கல்லுப் பக்கம் வந்தாத்தான் வெரட்டுது. முன்னால வந்ததால அதத் தன்னோட வீடுன்னு நெனக்கி."

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினோம். நீலத்தைப் பிடித்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் விட்டு, தொட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் தொங்கவிட்டோம். கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினாள். ஓட்டைக் கல்லைத் திருப்பிக் கவிழ்த்தாள். ஜோடி மெல்ல வெளியே வந்தது. சில நாளில் தீனிக்குக் கண்ணாடி அருகே வந்து நின்றது. பிறகுதான் நீலத்தைத் திறந்துவிட்டோம். அது தன் பழைய பொந்தைத் தேடித் தேடி அலைந்தது. ஜோடியில் பெரியதான பெண் மீனிடம் ஒரு இடி வாங்கியது. கடைசியில் எதிர் மூலையில் ஒரு சந்தில் நுழைந்துகொண்டது. அதற்குப் பிறகும் சண்டை இருந்தது. துடுப்பு கிழிகிற அளவுக்கு இல்லை.

கோடையில் ஒரு நாள் காலையில் போன கரண்ட் மத்தியானம் வரை வரவில்லை. மோட்டார் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். காற்று கலக்கட்டும் என்று அவள் ஒரு செம்பால் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். குடும்பப் படம் எடுக்கக் காத்திருந்தவர்களுக்கும் கரண்ட் இல்லாமல் வேலையில்லை. "குடு தாயி, நான் ஊத்துதேன்," என்று பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அம்மா செம்பை வாங்கினார். பிறகு அவர் மருமகள், பிறகு மகன். கரண்ட் வந்தபோது படத்துக்கு வந்த எல்லோர் உடுப்பும் நனைந்திருந்தது. மீன்கள் மூன்றும் நன்றாக இருந்தன.

ஐப்பசி மழை நேரத்தில் மஞ்சள் வால் ஆண் மீன் ஒரு கல்லைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தது. மறுநாள் அந்தக் கல்லில் ஆரஞ்சு நிறத்தில் மணிமணியாக முட்டைகள். ஆண் மீன் அங்கேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. நீலம் தன் மூலையைவிட்டு வரவே இல்லை. நாங்கள் கடையில் சத்தமாகப் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டோம்.

ஒரு வாரம் கழித்துக் குஞ்சுகள் பொரிந்து, தூசி மாதிரி ஒரு நாள் மிதந்தன. மறுநாள் ஒன்றுகூட இல்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

"இதுக என்ன சாப்பிடும்னு யாருக்காவது தெரிஞ்சிருக்கும்," என்றாள். "கேப்போம். முட்டையிடத் தெரிஞ்சது மறுபடியும் இடும்."

அடுத்த மாதமே இட்டது. அதற்குள் அவள் குஞ்சுகளைத் தனியாக விட ஓர் அகலமான கண்ணாடி ஜாடியைக் கழுவிக் காயவைத்திருந்தாள்.