தமிழ்க் கடிதங்களைத் தெலுங்கில் சொன்னவள்

எழுபதுகளின் தொடக்கத்தில், சித்தூரில் ஒரு மிஷன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் பெண்கள் விடுதியில் இரண்டு வருடம் இருந்தேன். தலையில் பூ கூடாது. ரவிக்கைக் கை முழங்கை வரை இருக்க வேண்டும். சினிமா கூடாது, கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. வீட்டிலிருந்து வரும் கடிதம், வார்டனம்மா படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்கள் கைக்கு வரும்.

வார்டனம்மா குண்டூர்க்காரர். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தமிழ் படித்த மேட்ரன் மாற்றலாகிப் போனதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. உபதேசியார் மகள், பொய் சொல்ல மாட்டாள் என்று பிடித்துப் போட்டார்கள். தினமும் சாயங்காலம் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று தமிழ்க் கடிதங்களைத் தெலுங்கில் சொல்வேன்.

உபதேசியார் மகள் நன்றாகவே பொய் சொன்னாள். யாருடைய அண்ணனாவது சினிமா பார்த்ததாக எழுதினால் அந்த வரியைத் தாண்டிவிடுவேன். விடுதிப் பெண்களுக்கு இது தெரியும், அதனால் எனக்கு மரியாதை அதிகம். என் கடிதத்தையும் நானேதான் சொல்ல வேண்டும். எதிர்வீட்டார் திருமலை போய்வந்து கொடுத்த லட்டை எல்லோரும் சாப்பிட்டோம் என்று ஒருமுறை உபதேசியாரான என் நைனாவே எழுதியிருந்தார். அதைத் தாண்டி, ஊரில் நல்ல மழை என்ற வரிக்குப் போனேன். குரல்கூட மாறவில்லை.

அடுத்த கட்டில்காரி நகரிப் பக்கத்துப் பெண், என் சிநேகிதி. அவளுடைய அம்மா கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவர். நல்ல கிறிஸ்தவக் குடும்பம் என்று சபைப் போதகர் எழுதிக் கொடுத்ததால்தான் அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பிள்ளைகள் முன்னால் நின்றால் அவள் பாடம் நடத்துவது அத்தனை அழகு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மாதிரி வகுப்பு எடுக்க என்னை விட்டுவிட்டு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் கழித்து அதைப் பூசி மெழுக மனமில்லை.

அன்று சாயங்காலமே அவள் அக்காவின் கடிதம் வந்தது. "நீ பாஸாவணும்னு அம்மா திருமலைக்கு வேண்டிக்கினு இருக்குது. லீவுல வந்துடு. அலிபிரியிலேர்ந்து எல்லாரும் நடந்தே போலாம்."

"அப்புறம்?" என்று வார்டனம்மா தெலுங்கில் கேட்டார். தாண்டியிருக்கலாம். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் பேனாவை மூடினார், பிறகு திறந்து வழக்கம்போல் கையெழுத்துப் போட்டார். "அவளிடம் கொடு. ஒன்றும் சொல்லாதே" என்றார்.

கொடுத்தேன். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். "எங்கம்மாவுக்கு வேற வேலை இல்ல. வரமாட்டேன்னு எழுதிடறேன். நல்ல வேளை, நீ படிச்சே" என்றாள்.

மறு வாரம் அவளுடைய போதகரையும் அப்பாவையும் வரவழைத்தார்கள். போகமாட்டேன் என்று எழுதிவிட்டதாக அவள் சொன்னது எடுபடவில்லை. விக்கிரக வழிபாடு நடக்கும் வீட்டுப் பெண்ணுக்கு இங்கே இடமில்லை என்றார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. வகுப்பறையைத் தவிர வேறெதற்கும் ஆசைப்படாதவள் அவள்.

டிரங்குப் பெட்டியை அப்பா வெளியே தூக்கிப் போனதும் அவள் என்னை ஓரமாக இழுத்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்க சபையில யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. நீ அந்தக் கடுதாசிய தாண்டிப் படிச்சது மட்டும் வெளிய தெரிய வேணாம். உன்னையும் அனுப்பிடுவாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல, பயப்படாதே" என்றாள்.

"சரி" என்றேன்.