இரண்டு பேருக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

எங்கள் வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி வெள்ளை ரப்பர் பூட்ஸ் நிற்கிறது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை ஏறும் உயரம். இடது கால் குதியில், சைக்கிள் ட்யூபுக்குப் போடுவதுபோல ஒரு கறுப்பு ஒட்டு. உள்விளிம்பில் பேனாவால் எழுதிய இரண்டு எழுத்துகள் பாதி அழிந்து கிடக்கின்றன. ஒன்று என் பெயரின் முதலெழுத்து, மற்றது என் தோழியுடையது. "இது யாருது, சின்னப் புள்ளயோடதாட்ட இருக்குது?" என்று என் மாமியார் கேட்டார். எனக்குப் பாதம் சின்னது, அவளுக்கும் சின்னது. அந்த ஒரு காரணத்தால்தான் இந்தக் கதையே நடந்தது என்றுகூடச் சொல்லலாம். பூட்ஸ் என்னிடம் வந்து சேர்ந்தது போன மாதம். ஆனால் அதைப் பொம்மிடி ரயில் நிலையத்திலிருந்து தொடங்கினால்தான் சொல்ல முடியும்.

நானும் அவளும் ஒரே கல்லூரியில் உணவுப் பதப்படுத்தல் படித்தோம். மூன்று வருடம் ஒரே வகுப்பு என்றாலும் பழக்கம் என்று பெரிதாக இல்லை. நான் கம்பைநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், கடைசி பெஞ்சு. அவள் தருமபுரி டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பெண், முதல் பெஞ்சு. ஒரு பருவம் டென்மார்க்கில் போய்ப் படித்துவிட்டு வர இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தபோது, பட்டியலில் எங்கள் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கல்லூரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. அங்கே ஆலையில் இறங்கி வேலை செய்ததற்கு அறிக்கை கொண்டுவர வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பருவம் கணக்கில் வராது, ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டியதுதான். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஊரில் இருந்தது. பொட்டப்பிள்ளையை அத்தனை தூரம் அனுப்புகிறாயே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொன்னார்: "எம் புள்ள படிச்சிட்டுத்தான் வரும்." நான் வெறுங்கையோடு திரும்பினால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்?

எங்களை வழியனுப்ப இரண்டு குடும்பமும் பொம்மிடிக்கு வந்தது. பிளாட்பாரத்தில் இரண்டு பெஞ்சுகளில் தனித்தனியாக உட்கார்ந்தோம். அவளுடைய அம்மா எழுந்து வந்து சாப்பாட்டுத் தூக்கை என் அப்பாவிடம் நீட்டினார். "ரெண்டு வாய் சாப்புடுங்க." அப்பா கை கூப்பி, "வேணாங்க, இப்பத்தான் வூட்ல சாப்ட்டு வந்தோம்" என்றார். நாங்கள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "அட, கொஞ்சூண்டுதாங்க." "இருக்கட்டுங்க, பரவால்லீங்க." "நம்ம புள்ளைங்க ஒண்ணாப் போவுதுங்க. அதுக்காவது சாப்புடுங்க." அதற்குப் பிறகுதான் அப்பா கை நீட்டினார், நன்றாகச் சாப்பிடவும் செய்தார். அந்த அம்மா கேட்டதும் மூன்று முறை, அப்பா இறங்கியதும் மூன்றாவது முறைதான். இரண்டு பேருமே அதை எங்கேயும் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் இல்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். முதல் முறையே வாங்கிக்கொள்கிறவன் சோற்றுக்கு அலைகிறவன், ஒரு முறையோடு நிறுத்திக்கொள்கிறவன் மனசில்லாமல் கேட்டவன்.

டென்மார்க்கில் நாங்கள் போய் இறங்கிய சின்ன ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பஸ்ஸில் பேச்சு இல்லை, பாட்டு இல்லை, ஹாரன்கூட இல்லை. தொப்பூர் கணவாயில் லாரிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது காது அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. துணி துவைக்க முன்கூட்டியே நேரம் குறித்து வைக்க வேண்டும், பொதுச் சமையலறையில் அறை எண் ஒட்டிய ஒரே ஒரு அலமாரித் தட்டு நம்முடையது, வகுப்புக்கு சைக்கிளில் போக வேண்டும். அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. விடுதிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் விழுந்து எழுந்து நான்கே நாளில் கற்றுக்கொண்டாள். ஐந்தாம் நாள் பங்சர் ஒட்டவும் கற்றுக்கொண்டாள். நான் அவ்வளவு வேகமில்லை. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கடைசிவரை நாக்கு எழவில்லை.

முதல் வாரத்தில் பக்கத்து அறைப் பெண் ஒருத்தி தட்டு நிறைய லவங்கப்பட்டை வாசனையோடு கேக் சுட்டு எடுத்து வந்து, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டோம் என்றோம். சரி என்று சிரித்துவிட்டு அவள் தட்டோடு போய்விட்டாள். நாங்கள் அவள் திரும்பி வருவாள் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தோம். அவள் வரவில்லை. அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது காய்ந்த பிரெட்டும் ஊறுகாயும்தான்.

கேக் போனால் போகட்டும். இரண்டாவது வாரம் நான் தொலைத்தது ஆலையை. கல்லூரி வளாகத்திலேயே ஒரு சின்ன ஆலை இருந்தது. கோதுமை சேராத ரொட்டிக்கு மாவு பதப்படுத்தும் சோதனை அங்கே நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வையாளரோடு இரண்டு மாணவர்கள் மட்டுமே உள்ளே வேலை செய்யலாம், மற்றவர்களுக்கு நூலகம்தான். எங்கள் பேராசிரியை நல்ல உயரமான, பேச்சை இழுக்காத பெண்மணி. ஊரிலிருந்தே விண்ணப்பத்தோடு கேழ்வரகைப் பற்றி நான் எழுதி அனுப்பிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் முதலில் என்னைத்தான் கேட்டார்: "ஆலையில் சேர உனக்கு விருப்பமா?" முகம் முழுக்கச் சிரிப்போடு, "பரவாயில்லை மேடம், வேறு யாருக்காவது கொடுங்கள்" என்றேன். அவர் தலையாட்டினார், தாளில் ஏதோ கோடு போட்டார், அடுத்து உட்கார்ந்திருந்த போலந்து மாணவனைக் கேட்டார். அவன் சரி என்றான். பிறகு என் தோழியைக் கேட்டார். கேள்வி முடியுமுன் அவள், "வருகிறேன்" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது. எல்லோரையும் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி வருவார் என்று, அவர் பையை மூடும்வரை நான் அந்தச் சிரிப்பை முகத்திலேயே வைத்திருந்தேன்.

அறைக்கு வந்ததும் அவள் கதவைச் சாத்திவிட்டு, "ஏண்டி வேணாம்ன?" என்றாள்.

"மறுபடி கேப்பாங்கன்னு நெனச்சேன்."

"அந்தக் கேக்குலயே எனக்குப் புத்தி வந்துருச்சி. உனக்கு இன்னும் வரல."

"எனக்காக நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீயே வேணாம்னு சொன்னத நான் எப்படி மாத்திச் சொல்றது, அத்தினி பேருக்கு முன்னாடி? நாளைக்கு நீயே போய்க் கேளு."

"நானாப் போய் எப்படிக் கேக்கறது?" என்றேன். கேட்டு வாங்குவது எங்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியம்.

உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த பத்து நாள் அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. என் வாயால் கெட்டது எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் கோபம் எல்லாம் அவள்மேல்தான் போனது. அவள் வெள்ளைக் கோட்டும் வெள்ளை பூட்ஸுமாக ஆலைக்குப் போவாள். அங்கே இருந்ததிலேயே சின்ன அளவு பூட்ஸ் அது ஒரு ஜோடிதான், அதுதான் அவளுக்குச் சேர்ந்தது. சாயங்காலம் வந்து, இன்று இயந்திரத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்குவாள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்க மாட்டேன். அப்பா போனில், "ஆலை வேல எப்படிப் போவுது?" என்று கேட்பார், நான் "நல்லாப் போவுதுப்பா" என்பேன். போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், எனக்குத்தான் அது தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேராசிரியையை எங்கள் சமையலறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். "களி செய்யணும். எனக்குச் சரியா வராது, நீதான் கிண்டணும்" என்றாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கேழ்வரகு மாவு இரண்டு பேரிடமும் மிச்சம் இருந்தது. துடுப்புக்குப் பதில் மரக்கரண்டியின் காம்பால் கிண்டினேன். கட்டி விழாமல் வந்தது என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். கீரைக் கடைசலும் நிலக்கடலைச் சட்னியும் அவள் கைவேலை. பேராசிரியை ஒரு உருண்டையை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். இன்னொன்று வைக்கட்டுமா என்றாள் தோழி. போதும், நன்றி என்றார் அவர். பாதியாவது வைக்கிறேனே என்றாள். அவர் தட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, உண்மையாகவே போதும் என்றார். "இவள் கிண்டியது மேடம், இவளுக்காகவாவது" என்று மூன்றாம் முறை கரண்டியை நீட்டினாள். அவர் சிரித்துவிட்டுக் கையை எடுத்தார். பிறகு, "உங்கள் ஊரில் ஒரு கேள்வியை மூன்று முறை கேட்பீர்களா?" என்றார்.

அவள் இதற்காகத்தான் காத்திருந்திருக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஆமாம் மேடம். எங்கள் மாவட்டத்தில் முதல் முறை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் முறை வேண்டாம் என்பது கூச்சம். மூன்றாம் முறை சொன்னால்தான் அது உண்மையில் வேண்டாம். ஆலைக்கு வருகிறாயா என்று நீங்கள் இவளை ஒரே ஒரு முறைதான் கேட்டீர்கள்." பேராசிரியை என்னைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அப்படியானால் இப்போது இரண்டாவது முறை கேட்கிறேன். ஆலையில் சேர உனக்கு விருப்பமா?" என்றார். என்ன சொல்வது, என் வாய் தன்னால் "பரவாயில்லை மேட..." என்று தொடங்கிவிட்டது. மேசைக்கடியில் தோழி என் காலை நன்றாக மிதித்தாள். "வருகிறேன், மேடம்" என்றேன்.

ஆனால் இடம் இரண்டுதான், இரண்டும் நிரம்பிவிட்டது என்று அவர் தயங்கினார். "என் இடத்தைப் பாதியாக்குங்கள். காலையில் நான், மதியம் இவள்" என்றாள் தோழி. உன் வேலை நேரம் குறைந்துவிடுமே, உன் கல்லூரிக்குப் போதாதே என்றார் அவர். ஒரு மணி நேரம் முன்னால் திறந்தால் போதும், நான் ஆறரைக்கே வந்துவிடுகிறேன் என்று அதற்கும் பதில் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டுத்தான் என்னைக் களி கிண்ட வைத்திருக்கிறாள். பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசாத எனக்காக, தன் கையில் இருந்ததில் பாதியை அவள் பிய்த்துக் கொடுத்தாள். அன்றைக்கு நான் அதற்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

பிறகு வந்த குளிர்காலத்தில் விடிவதே எட்டரைக்குத்தான். அவள் இருட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆறரைக்கு ஆலையில் இருப்பாள். மதியம் நான் போகும்போது உடை மாற்றும் அறை வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி என் பக்கம் தள்ளுவாள். "மாவு இன்னிக்குத் தண்ணி அதிகமா இழுக்குது, பாத்துக்க" என்பாள். அவரவர் சாக்ஸ் வேறு வேறு, பூட்ஸ் மட்டும் ஒன்று. அவள் கால் சூடு ஆறுவதற்குள் நான் மாட்டிக்கொள்வேன். வெளியே விரல் விறைக்கும் குளிரில் வந்த எனக்கு அந்தச் சூடு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. காலையில் அவள் மாட்டும்போது அது ஐஸ்போல இருந்திருக்கும் என்பது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. குதி கிழிந்தபோது புதிது கேட்காமல் சைக்கிள் ஒட்டை எடுத்து அவளே ஒட்டினாள். இரண்டு அறிக்கைகளும் ஒரே நாளில் கையெழுத்தாயின. கிளம்பும் நாளில் பேராசிரியை அந்த பூட்ஸை ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. அவள்தான் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

இன்றைக்குத் தருமபுரிக்கு வெளியே அவளுக்கு ஒரு சின்ன ஆலை இருக்கிறது. கேழ்வரகு ரஸ்க்கும் பிஸ்கட்டும் செய்கிறாள். சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள்தான் வேலைக்கு வருகிறார்கள். வேலைக்குச் சேரும் முதல் நாள் ஒவ்வொருத்தியின் பாதத்தையும் அளந்து ஒரு ஜோடி பூட்ஸ் கொடுக்கிறாள், இரண்டு பேருக்கு ஒன்று கிடையாது. அவள் என் தோழி என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கிடைக்கும் எந்தச் சந்தர்ப்பத்தையும் நான் விடுவதில்லை. கல்லூரியில் நான் பாடம் நடத்தும் பிள்ளைகளுக்கு அவள் கதை மனப்பாடம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய காகிதப் பையோடு வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை. "தயாரிப்பு மொத்தமும் நீ பாத்துக்கறியா? என்னால தனியா முடியல. காலேஜ் வேலைய உடணும், யோசிச்சு..." அவள் முடிப்பதற்குள் நான் "சரி" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "என்னடி, இன்னும் ரெண்டு தடவ கேக்கணும்னு ரெடியா வந்திருந்தேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அதற்குள் என் மாமியார் உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். "வேணாங்கம்மா, இப்பத்தான் வூட்ல சாப்ட்டேன்" என்றாள், பசியோடு வந்தவள். மாமியார் மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகு இலை முன்னால் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை நான் ஆலைக்குப் போகிறேன். அங்கே என் அளவுக்குப் புது பூட்ஸ் அடுக்கி வைத்திருக்கிறது, ஆனாலும் இந்த ஒட்டுப் போட்ட ஜோடிதான் எங்கள் இரண்டு பேருக்கும் என்று பேசிக்கொண்டோம். காலை ஷிப்ட் எனக்கு வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். மதியம் அவள் வந்து மாட்டும்போது பூட்ஸ் சூடாக இருக்கும்.